தொண்டை வலி விட்டது... கழுத்து வீங்கியதா? இளைஞர்களே, அசட்டை வேண்டாம்!

லட்சக்கணக்கானவர்களில் ஒருவருக்குத்தான் வரும். ஆனால், வந்தால் ஒரே வாரத்தில் உயிருக்கு உலை வைத்துவிடும். அதுவும் 15 முதல் 24 வயதுக்குட்பட்ட, நல்ல ஆரோக்கியத்துடன் இருப்பவர்களையே தேடிப் பிடிக்கும். அதன் பெயர் 'லெமியர் நோய்'.

மணலி புதுநகரில் தொண்டை வலியை யாரும் நோய்க் கணக்கில் சேர்ப்பதில்லை. பொன்னேரி நெடுஞ்சாலையில் துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் கிளப்பும் புழுதி ஒருபுறம், மணலி ஆலைகளின் புகை மறுபுறம், எண்ணூர்ப் பக்கமிருந்து வரும் நிலக்கரிச் சாம்பல் இன்னொருபுறம். "காத்து சரியில்ல, அதான் தொண்டை கரகரங்குது" என்று சொல்லி, வெந்நீரில் உப்பு போட்டுக் கொப்பளித்துவிட்டு ஷிஃப்டுக்குக் கிளம்பிவிடுவார்கள்.

அப்படி நினைப்பதிலும் தவறில்லை. 2023 டிசம்பர் 26 இரவு எண்ணூர் பெரியகுப்பம் அருகே கடலுக்கடியில் செல்லும் குழாயிலிருந்து அமோனியா வாயு கசிந்தபோது, தொண்டை எரிச்சலும் மூச்சுத்திணறலுமாக மக்கள் மருத்துவமனைக்கு ஓடினார்கள். காற்றைச் சந்தேகப்பட வடசென்னைக்காரர்களுக்குக் காரணம் இருக்கிறது.

ஆனால், 'எல்லாம் புகையால்தான்' என்ற இந்தப் பழக்கத்துக்குள் ஒரு ஆபத்து ஒளிந்துகொள்ள முடியும். புகையால் வரும் எரிச்சலில் கண்ணும் மூக்கும் சேர்ந்து எரியும், இடம் மாறினால் குறையும், காய்ச்சல் இருக்காது. கிருமியால் வரும் தொண்டை வலி அப்படியல்ல. காய்ச்சல் அடிக்கும், எச்சில் விழுங்கினால் வலிக்கும், சிலருக்கு ஒரு பக்கம் மட்டும் வலி அதிகமாக இருக்கும். இந்த வித்தியாசத்தைத் தெரிந்துகொள்வதுதான் முதல் பாடம்.

எல்லா தொண்டை வலியும் ஒன்றல்ல

தொண்டை வலிகளில் பெரும்பாலானவை வைரஸால் வருபவை. மூக்கு ஒழுகும், இருமல் இருக்கும், ஒரு வாரத்துக்குள் தானாகவே சரியாகிவிடும். இதற்கு ஆன்டிபயாடிக் தேவையே இல்லை.

பாக்டீரியாவால் வருபவை கொஞ்சம்தான். அவற்றில் எல்லோருக்கும் தெரிந்தது 'ஸ்ட்ரெப்டோகாக்கஸ்'. 5 முதல் 15 வயதுக் குழந்தைகளைக் குறிவைக்கும் இந்தக் கிருமியைக் கவனிக்காமல் விட்டால், சில வாரங்கள் கழித்து மூட்டுகள் வீங்கி 'ருமாட்டிக் காய்ச்சல்' வரலாம். அது இதய வால்வுகளையும் கெடுத்துவிடலாம். இந்தியாவில் இளம் வயதிலேயே வால்வு அறுவை சிகிச்சைக்குப் போகிறவர்கள் பலரின் கதை, சிறு வயதில் வந்த ஒரு தொண்டை வலியிலிருந்தே தொடங்குகிறது.

அதிகம் பேசப்படாத இன்னொரு கிருமி 'ஃபியூசோபாக்டீரியம் நெக்ரோஃபோரம்'. இது ஆக்சிஜன் இல்லாத இடத்தில் வளரும் வகை. கால்நடை மருத்துவர்களுக்கு இது பழைய எதிரி. ஆடு மாடுகளுக்கு வரும் குளம்பு அழுகல் நோயிலும், மாடுகளின் கல்லீரல் சீழ்க்கட்டியிலும் இதற்குப் பங்குண்டு. மனிதர்களிடம் இது பெரும்பாலும் வளரிளம் பருவத்தினர், இளைஞர்களின் தொண்டையைத்தான் பிடிக்கிறது.

அமெரிக்காவின் பர்மிங்ஹாம் நகரிலுள்ள அலபாமா பல்கலைக்கழகத்தில், மருத்துவர் ராபர்ட் சென்டர் குழுவினர் 15 முதல் 30 வயதுக்குட்பட்ட மாணவர்களின் தொண்டையைப் பரிசோதித்து 2015-ல் முடிவுகளை வெளியிட்டார்கள். தொண்டை வலியோடு வந்தவர்களில் சுமார் 20 சதவிகிதம் பேரிடம் இந்தக் கிருமி இருந்தது. ஸ்ட்ரெப்டோகாக்கஸ் இருந்ததோ சுமார் 10 சதவிகிதம் பேரிடம்தான். எந்தத் தொந்தரவும் இல்லாதவர்களில்கூட சுமார் 9 சதவிகிதம் பேரின் தொண்டையில் இது குடியிருந்தது.

அப்படியென்றால், இந்தக் கிருமி இருக்கும் எல்லோருக்கும் ஆபத்தா? இல்லை. பெரும்பாலானவர்களுக்கு அது சாதாரண தொண்டை வலியோடு போய்விடுகிறது. மிக அரிதாகச் சிலருக்கு மட்டும், அது தொண்டையைத் தாண்டி ரத்தத்துக்குள் நுழைகிறது. அதுதான் லெமியர் நோய்.

ஒரு வாரத்தில் என்ன நடக்கிறது?

ஆலையில் ஒப்பந்த வேலை பார்க்கும் 20 வயது இளைஞர் ஒருவர் இருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். திங்கள்கிழமை தொண்டை வலி, லேசான காய்ச்சல். விடுப்பு எடுத்தால் அன்றைய கூலி போய்விடும். மெடிக்கல் ஷாப்பில் இரண்டு வேளைக்கு மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போகிறார். வியாழக்கிழமை தொண்டை வலி குறைந்தது போலிருக்கிறது. வீட்டிலும் நிம்மதி.

சனிக்கிழமை உடம்பு தூக்கித் தூக்கிப் போடுகிறது. போர்வை மேல் போர்வை போட்டாலும் குளிர் நடுக்கம் அடங்கவில்லை. கழுத்தின் ஒரு பக்கம், தாடை எலும்பின் மூலையிலிருந்து கீழ்நோக்கி வலிக்கிறது, லேசாக வீங்கியும் இருக்கிறது. "ராத்திரி கோணலா படுத்திருப்ப, சுளுக்கு" என்கிறார்கள் வீட்டில். ஞாயிற்றுக்கிழமை மூச்சை இழுத்தால் நெஞ்சில் குத்துகிறது. திங்கள்கிழமை, அதாவது எட்டாவது நாள், நாலு படி ஏற முடியாமல் மூச்சு வாங்குகிறது.

லெமியர் நோயின் வழக்கமான பாதை இதுதான். தொண்டை வலி தொடங்கி சுமார் ஒரு வாரத்தில், சிலருக்கு இன்னும் சில நாள்கள் தள்ளி, இரண்டாவது தாக்குதல் வருகிறது. அதற்குள் தொண்டை வலி குறைந்திருக்கும் அல்லது முழுவதுமாகப் போயிருக்கும். அதனால்தான் இரண்டையும் யாரும் முடிச்சுப் போட்டுப் பார்ப்பதில்லை.

தொண்டையிலிருந்து நுரையீரலுக்கு...

டான்சிலுக்கு வெளிப்புறம், கழுத்தின் ஆழத்தில் ஒரு மெல்லிய இடைவெளி இருக்கிறது. அதன் வழியாகத்தான் மூளையிலிருந்து இதயத்துக்கு ரத்தத்தைக் கொண்டுவரும் பெரிய கழுத்துச் சிரை ஓடுகிறது. டான்சிலில் பிடித்த கிருமி இந்த இடைவெளிக்குப் பரவினால், சிரையின் சுவர் அழற்சி அடைகிறது. உள்ளே ரத்தம் உறைந்து கட்டியாகிறது. அந்தக் கட்டிக்குள் ஆக்சிஜன் குறைவு. இந்தக் கிருமிக்கு வேண்டியதும் அதுதான்.

பிறகு அந்த ரத்தக்கட்டியிலிருந்து சிறு சிறு துணுக்குகள், சீழோடும் கிருமியோடும் பிய்ந்து ரத்த ஓட்டத்தில் மிதந்து போகின்றன. சிரையின் ரத்தம் இதயத்தின் வலப்பக்கம் போய், அங்கிருந்து நேராக நுரையீரலுக்குச் செல்கிறது. எனவே முதல் அடி நுரையீரலுக்கே. அங்கே சிறு சிறு சீழ்க்கட்டிகள் உருவாகின்றன. நெஞ்சைச் சுற்றி நீர் அல்லது சீழ் கோக்கிறது. சிலருக்கு இடுப்பு, முழங்கால் போன்ற மூட்டுகள், கல்லீரல், சிறுநீரகம், எலும்பு எனப் பரவுகிறது. அரிதாக மூளையையும் தொடுகிறது.

தொண்டை மட்டுமல்ல, சிலருக்குப் பல் சீழ், காதுச் சீழ் வழியாகவும் இந்தப் பயணம் தொடங்கியிருக்கிறது.

20 பேரில் 18 பேர்

இந்த நோய்க்குப் பெயர் கொடுத்தவர் ஆந்த்ரே லெமியர். 1875-ல் பிறந்த பிரெஞ்சு மருத்துவர். பாரிஸில் தொற்றுநோய்களுக்கான மருத்துவமனையில் பணியாற்றியவர். இதே போன்ற நோயாளிகளைப் பற்றி அவருக்கு முன்பே சிலர் எழுதியிருந்தாலும், தொண்டையையும் கழுத்துச் சிரையையும் நுரையீரலையும் இணைத்துத் தெளிவான சித்திரம் கொடுத்தவர் அவர்தான். 1936-ல் 'தி லான்செட்' மருத்துவ இதழில் அவர் 20 நோயாளிகளைப் பற்றி எழுதினார். அவர்களில் 18 பேர் இறந்துபோனார்கள். அப்போது பென்சிலின் புழக்கத்துக்கு வரவில்லை.

தொண்டை வலிக்குச் சில நாள்கள் கழித்துக் கடும் காய்ச்சல், குளிர் நடுக்கம், பிறகு நுரையீரல் பாதிப்பு. இந்த வரிசை அவ்வளவு தெளிவானது, இதைத் தவறவிடவே முடியாது என்பது லெமியரின் கருத்து. ஆனால், நடந்தது வேறு.

1940-களில் பென்சிலின் வந்தது. தொண்டை வலி என்று யார் வந்தாலும் பென்சிலின் கொடுக்கப்பட்டது. கிருமி தொண்டையிலேயே மடிந்தது. அடுத்த சில பத்தாண்டுகளில் லெமியர் நோய் ஏறக்குறைய காணாமலே போனது. மருத்துவர்களில் ஒரு தலைமுறையே இதைப் பாடப்புத்தகத்தில் மட்டும் பார்த்தது. 'மறக்கப்பட்ட நோய்' என்ற பட்டப்பெயரும் இதற்கு வந்தது.

1990-களின் பிற்பகுதியிலிருந்து இது மீண்டும் தலைகாட்டத் தொடங்கியது. தொண்டை வலிக்கு ஆன்டிபயாடிக் கொடுப்பதை மேலை நாடுகள் குறைத்துக்கொண்டதும், ஸ்கேன், ரத்தப் பரிசோதனை வசதிகள் கூடியதும் காரணமாகச் சொல்லப்படுகின்றன. டென்மார்க்கில் 1998 முதல் 2001 வரை நாடு முழுவதும் கணக்கெடுத்தபோது, ஆண்டுக்கு 10 லட்சம் பேரில் 3.6 பேருக்கு இந்த நோய் வந்தது தெரிந்தது. இளவயதினரை மட்டும் எடுத்தால் 10 லட்சம் பேரில் 14.4 பேர். நவீன சிகிச்சை கிடைத்தும் அவர்களில் சுமார் 9 சதவிகிதம் பேரைக் காப்பாற்ற முடியவில்லை.

இந்தியாவிலும் பல மருத்துவமனைகள், தங்களிடம் வந்த லெமியர் நோயாளிகளைப் பற்றி மருத்துவ இதழ்களில் எழுதியிருக்கின்றன. இங்கே வேறு சில கிருமிகளும், குறிப்பாகச் சர்க்கரை நோய் உள்ளவர்களிடம், இதே மாதிரி கழுத்துச் சிரையில் ரத்தக்கட்டியை உண்டாக்கியதுண்டு.

டெங்குவா, டைபாய்டா, டி.பி-யா?

சென்னையில் மழைக்காலத்தில் ஒரு இளைஞர் கடும் காய்ச்சலோடு வருகிறார். ரத்தப் பரிசோதனையில் தட்டணுக்கள் குறைந்திருக்கின்றன. முதலில் யாருக்கும் நினைவுக்கு வருவது டெங்குதான். கண் லேசாக மஞ்சளாக இருந்தால் எலிக்காய்ச்சல். காய்ச்சல் விடாமல் நீடித்தால் டைபாய்டு. எக்ஸ்ரேயில் நுரையீரலில் ஓட்டை போலத் தெரிந்தால் டி.பி.

இதில் மருத்துவர்களைக் குறை சொல்ல முடியாது. இவை எல்லாமே இங்கே லெமியர் நோயைவிடப் பல மடங்கு அதிகமாக வருபவை. சிக்கல் என்னவென்றால், லெமியர் நோயிலும் தட்டணுக்கள் குறையலாம், கண் மஞ்சளாகலாம், எக்ஸ்ரேயில் ஓட்டை தெரியலாம். ஒன்றைத் தவிர, எல்லாமே மற்ற நோய்களின் வேஷம். அந்த ஒன்று, 'போன வாரம் தொண்டை வலி இருந்தது. இப்போது கழுத்தின் ஒரு பக்கம் வலிக்கிறது' என்ற தகவல். அதைச் சொல்ல வேண்டியது நோயாளியும் குடும்பத்தாரும்தான்.

மெடிக்கல் ஷாப் மாத்திரையில் என்ன தப்பு?

தொண்டை வலி என்றதும் கடையில் கேட்டு வாங்கும் ஆன்டிபயாடிக் பெரும்பாலும் 'அசித்ரோமைசின்'. மூன்று நாள் போட்டால் போதும் என்பதால் அதற்கு மவுசு அதிகம். மருத்துவர் சீட்டு இல்லாமல் இதை விற்கவோ வாங்கவோ கூடாது என்பது ஒருபுறமிருக்க, ஃபியூசோபாக்டீரியம் இந்த வகை மருந்துக்குப் பெரும்பாலும் கட்டுப்படுவதில்லை. மருந்து சாப்பிட்டுவிட்டோம் என்ற தைரியத்தில் நாள் ஓடும். கிருமி தன் வேலையைத் தொடரும்.

இன்னொரு தொல்லை, பெயர் தெரியாமல் கவரில் போட்டுத் தரும் உதிரி மாத்திரைகள். அவற்றில் ஸ்டீராய்டு கலந்திருந்தால் வலியும் காய்ச்சலும் சட்டென்று குறையும். ஆனால், உள்ளே இருக்கும் தொற்று மறைந்துதான் இருக்கும், தீர்ந்திருக்காது.

அதற்காக, எல்லா தொண்டை வலிக்கும் பென்சிலின் போட வேண்டும் என்று அர்த்தமில்லை. தேவையில்லாத ஆன்டிபயாடிக், மருந்துக்கு அடங்காத கிருமிகளை வளர்க்கும். காய்ச்சல், இருமல் இல்லாமை, டான்சில் மேல் வெள்ளைப் படலம், கழுத்தின் முன்பக்கம் தொட்டால் வலிக்கும் நெறிகட்டி என நான்கு அடையாளங்களை வைத்து ஆன்டிபயாடிக் வேண்டுமா என்று மருத்துவர்கள் முடிவு செய்கிறார்கள். அந்த முடிவை அவர்களிடம் விடுவதுதான் பாதுகாப்பு.

சுளுக்கு என்று நீவாதீர்கள்

கழுத்து ஒரு பக்கம் வலித்தால் எண்ணெய் தடவி நீவி விடுவதும், சுளுக்கு எடுப்பவரிடம் கூட்டிப் போவதும் நம் வீடுகளில் சகஜம். காய்ச்சலே இல்லாத சுளுக்குக்கு அது சரி. ஆனால், காய்ச்சலும் நடுக்கமும் இருக்கும்போது, அதுவும் தொண்டை வலி வந்து போன பிறகு, கழுத்தை அழுத்தித் தேய்க்கவே கூடாது. உள்ளே சிரையில் ரத்தக்கட்டி இருந்தால், அந்த அழுத்தத்தில் துணுக்குகள் பிய்ந்து நுரையீரலுக்குப் போகக்கூடும்.

எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?

சந்தேகம் வந்துவிட்டால் கண்டுபிடிப்பது கஷ்டமில்லை. கழுத்தில் டாப்ளர் ஸ்கேன் எடுத்தால் சிரையில் ரத்தக்கட்டி இருக்கிறதா என்று தெரியும். கழுத்துக்கும் நெஞ்சுக்கும் மருந்து செலுத்தி சி.டி. ஸ்கேன் எடுத்தால், கட்டியும் நுரையீரல் பாதிப்பும் இன்னும் தெளிவாகத் தெரியும். ரத்தத்தில் கிருமி வளர்ப்புப் பரிசோதனையை, முடிந்தவரை ஆன்டிபயாடிக் தொடங்குவதற்கு முன்பே எடுக்க வேண்டும். ஆக்சிஜன் இல்லாமல் வளரும் கிருமி என்பதால் முடிவு வர சில நாள்கள் ஆகலாம். அதுவரை காத்திருக்காமல் சிகிச்சையைத் தொடங்கிவிடுவார்கள்.

சிகிச்சையின் முதுகெலும்பு, ரத்தக்குழாய் வழியே செலுத்தும் ஆன்டிபயாடிக். பென்சிலின் வகை மருந்துகளும் மெட்ரோனிடசோலும் இந்தக் கிருமியிடம் நன்றாக வேலை செய்கின்றன. மொத்தம் மூன்று முதல் ஆறு வாரங்கள் வரை மருந்து தொடரும். சீழ் சேர்ந்திருந்தால் அதை வெளியேற்ற வேண்டும். மூச்சுத்திணறல் அதிகமானால் தீவிர சிகிச்சைப் பிரிவு தேவைப்படும். ரத்தம் உறையாமல் இருக்கும் மருந்தை எல்லோருக்கும் கொடுக்க வேண்டுமா என்பதில் மருத்துவ உலகில் ஒருமித்த கருத்து இல்லை. நோயாளியின் நிலையைப் பார்த்து முடிவு செய்கிறார்கள்.

இரண்டு நாளில் காய்ச்சல் விட்டதும் "நல்லாயிடுச்சு" என்று மருந்தைப் பாதியில் நிறுத்தக் கூடாது. ரத்தக்கட்டிக்குள் பதுங்கியிருக்கும் கிருமியை முழுவதும் அழிக்கத்தான் இத்தனை வாரங்கள்.

உடனே கிளம்ப வேண்டிய நேரம்

தொண்டை வலி இருக்கும்போதோ, அது வந்து போன மூன்று வாரங்களுக்குள்ளோ, கீழ்க்கண்டவற்றில் எது வந்தாலும் அன்றே மருத்துவரைப் பாருங்கள்:

* உடம்பைத் தூக்கிப் போடும் குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல்

* கழுத்தின் ஒரு பக்கம் வலி, வீக்கம், கழுத்தைத் திருப்ப முடியாமை

* தொண்டை வலி ஐந்து நாள்களுக்குப் பிறகும் குறையாமல் கூடிக்கொண்டே போவது, குறிப்பாக ஒரே பக்கத்தில்

* வாயைத் திறக்க முடியாமை, குரல் கம்மி மாறிப்போவது

மூச்சு இழுத்தால் நெஞ்சில் குத்துவது, மூச்சு வாங்குவது, எச்சில்கூட விழுங்க முடியாமல் வழிவது, குழப்பமான பேச்சு, அளவுக்கு மீறிய சோர்வு இருந்தால் ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்காமல் 108-ஐ அழையுங்கள். மணலி, எண்ணூர், திருவொற்றியூர்க்காரர்களுக்குப் பெரிய அரசு மருத்துவமனை பழைய ஜெயில் சாலையில் உள்ள ஸ்டான்லி. காது மூக்கு தொண்டை, நெஞ்சக நோய், ரத்தநாளம் எனப் பல துறை மருத்துவர்களும் சேர்ந்து பார்க்க வேண்டிய நோய் இது என்பதால், பெரிய மருத்துவமனையே சரி. எங்கே போவது என்று குழப்பமாக இருந்தால் 104-ஐ அழைத்து ஆலோசனை கேட்கலாம்.

மருத்துவரிடம் மறக்காமல் சொல்ல வேண்டியவை நான்கு. தொண்டை வலி எந்தத் தேதியில் தொடங்கியது. என்னென்ன மாத்திரை சாப்பிட்டீர்கள் (அட்டையைக் கையோடு எடுத்துப் போங்கள்). கழுத்தில் எந்தப் பக்கம் வலி. பல், காதில் சமீபத்தில் ஏதாவது தொந்தரவு இருந்ததா?

பயம் வேண்டாம்... கவனம் போதும்

லெமியர் நோய் ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தாவுவதில்லை. வீட்டில் ஒருவருக்கு வந்தால் மற்றவர்களைத் தனிமைப்படுத்த வேண்டியதில்லை. தொண்டை வலி வந்த நூறு பேரில் ஒருவருக்கு வரக்கூடிய நோய்கூட அல்ல இது. அதைவிட மிக மிக அரிது.

எனவே, சாதாரண தொண்டை வலிக்குப் பாட்டி வைத்தியத்தைத் தாராளமாகச் செய்யலாம். வெதுவெதுப்பான உப்புநீரில் கொப்பளியுங்கள். நிறையத் தண்ணீர் குடியுங்கள். மஞ்சள் பாலும் சுக்குக் கஷாயமும் தொண்டைக்கு இதம் தரும். காய்ச்சலுக்கு பாராசிட்டமால் போதும். சொத்தைப் பல்லை ஆண்டுக்கணக்கில் தள்ளிப்போடாதீர்கள்.

18 வயதைத் தாண்டிய மகனோ மகளோ "எனக்கு ஒண்ணுமில்லம்மா" என்று சொல்லிவிட்டு வேலைக்கோ கல்லூரிக்கோ ஓடுவார்கள். வெளியூரில் ஹாஸ்டலில், அறை எடுத்துத் தங்கியிருப்பவர்கள் போனில் சொல்லவே மாட்டார்கள். அவர்களிடம் "தொண்டை வலி போயிடுச்சா?" என்பதோடு நிறுத்தாமல், "காய்ச்சல் திரும்ப வந்துச்சா? கழுத்து வலிக்குதா?" என்று இன்னும் இரண்டு கேள்விகள் கேளுங்கள். இரண்டில் ஒன்றுக்கு 'ஆமாம்' என்று பதில் வந்தாலும், அன்றைய கூலியோ வகுப்போ போனால் போகட்டும் என்று சொல்லி மருத்துவரிடம் அனுப்புங்கள்.